கையெழுத்து யார் போட வேண்டும்? டெக்சஸில் போலீஸார், தீயணைப்பு வீரர்கள் மீதான புகார் விதிகள்

டெக்சஸ் மாநிலத்தில் ஒரு போலீஸ்காரர் மீதோ தீயணைப்பு வீரர் மீதோ புகார் சொல்லப் போகிறவரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் இதுதான்: "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்." நடந்ததை எல்லாம் போனில் ஒன்றுவிடாமல் சொல்லியிருப்பார். எதிர்முனையில் இருப்பவரும் பொறுமையாகக் கேட்டிருப்பார். கடைசியில் இந்த ஒரு வரி வந்து நிற்கும். அதோடு பின்வாங்கிவிடுகிறவர்கள் பலர். பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு அதே போலீஸ்காரர் நம் தெருவில் காரை நிறுத்தினால் என்ன செய்வது என்ற பயம் அவர்களுக்கு. விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் காத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம்.

கேட்பவர் இல்லாத விதியைச் சொல்லவில்லை. கையெழுத்து வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அது பாதிக்கப்பட்டவரின் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பல புகார்கள் செத்துப்போவது இந்த இடைவெளியில்தான்.

விதி இருப்பது டெக்சஸ் அரசுச் சட்டத் தொகுப்பின் 614-ஆவது அத்தியாயத்தில். 614.021 முதல் 614.023 வரை மூன்று சின்னப் பிரிவுகள். நிதானமாகப் படித்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒரு துறையின் தலைவர் புகாரைப் பரிசீலிக்க வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். புகார் தருபவரின் கையெழுத்து அதில் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட புகாரின் நகல், புகார் பதிவாகி நியாயமான காலத்துக்குள் சம்பந்தப்பட்ட ஊழியரின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நகல் தராமல் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. 2005-இல் இன்னொன்றும் சேர்ந்தது: புகாரை விசாரித்திருக்க வேண்டும், குற்றச்சாட்டை மெய்ப்பிக்கும் சாட்சியம் இருக்க வேண்டும்; இந்த இரண்டும் இல்லாமல் அந்தப் புகாரை வைத்து ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ காலவரையின்றி சஸ்பெண்ட் செய்யவோ கூடாது.

இதன் நோக்கம் நேர்மையானது என்றுதான் நினைக்கிறேன். மொட்டைக் கடிதம் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பதவி உயர்வு நெருங்கும் நேரத்தில் யாரோ ஒருவர் பெயர் போடாமல் நாலு வரி எழுதிப் போடுவார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு யார் சொன்னார்கள், என்ன சொன்னார்கள் என்பதே தெரியாது. ஆனால் அலுவலகம் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். போலீஸ்காரரும் தீயணைப்பு வீரரும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் முன்பின் தெரியாதவர்களின் மோசமான நாளுக்குள் நுழைகிறவர்கள். கைது செய்யப்பட்டவருக்கு எப்படியும் கோபம் இருக்கும். தன் மீது சொல்லப்பட்டது என்ன என்பதைக் காகிதத்தில் பார்க்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும். அதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தப் பாதுகாப்பு யாருக்கெல்லாம்? டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறை, மாநில மதுபான ஆணையம் போன்றவற்றின் சட்ட அமலாக்க அதிகாரிகளுக்கு. நகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நியமித்த போலீஸாருக்கு. கவுண்டிச் சிறைக் காவலர்களுக்கு. மாநிலத்திடமோ உள்ளாட்சியிடமோ வேலை பார்க்கும் தீயணைப்பு வீரர்களுக்கு. 'வேலை பார்க்கும்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். டெக்சஸ் சிற்றூர்கள் பலவற்றில் தீயணைப்புப் படை என்பது தன்னார்வலர்களால் ஆனது. சம்பளமின்றித் தொண்டு செய்யும் அவர்களுக்கு அந்தச் சொல் எளிதில் பொருந்தாது. இன்னொரு விலக்கும் உண்டு. தொழிற்சங்கத்தோடு நகரம் போட்ட ஒப்பந்தத்திலேயே விசாரணைக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் விதிகள் இருந்தால் அந்த ஊருக்கு ஒப்பந்தம்தான் பேசும், 614 பேசாது. ஆகவே பெரிய நகரம் எதிலும் புகார் தருவதற்கு முன் அந்த நகரத்தின் ஒப்பந்தத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். ஹூஸ்டனுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவே, பெரிய நெடுஞ்சாலை ஓரத்தில் கொலராடோ கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. (பெயர்தான் அப்படி, கொலராடோ மாநிலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அங்கே ஒரு டெபுட்டி ஷெரிஃப் (கவுண்டியின் போலீஸ் அதிகாரி) பொதுமக்களில் ஒருவரோடு நடந்துகொண்ட விதம், அந்த அதிகாரியின் ரோந்து வண்டியில் இருந்த டாஷ்கேம் என்ற முன்பக்கக் கேமராவில் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, இது சரியில்லையே என்று சொன்னவர் கவுண்டியின் அரசு வழக்கறிஞர். வீடியோவில் இருந்தவர் புகார் எழுதித் தரவில்லை. டெபுட்டியின் மேலதிகாரி வீடியோவைப் பார்த்தார். எந்த விதியை எப்படி மீறினார் என்று ஒரு குறிப்பாணை தயாரித்துக் கையெழுத்திட்டார். அந்தத் தாளை டெபுட்டியிடம் கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள்.

டெபுட்டி கோர்ட்டுக்குப் போனார். பாதிக்கப்பட்டவர் கையெழுத்திட்ட புகார் எங்கே, நடவடிக்கைக்கு முன்பே எனக்கு நகல் கொடுத்தீர்களா என்பது அவருடைய வாதம். வழக்கு டெக்சஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் 2017 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. காரணம் சொல்லாமலே நீக்கப்படக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கும், புகாரை வைத்து நீக்கினால், 614-இன் பாதுகாப்பு உண்டு என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஊழியர்களுக்கு அது வெற்றிதான். ஆனால் 'புகார் தருபவர்' என்றால் பாதிக்கப்பட்டவர் மட்டுமே என்று அர்த்தமில்லை, விசாரித்துக் குற்றம் சாட்டிய மேலதிகாரியின் கையெழுத்தே போதும் என்றும் சொன்னார்கள். நகலும் நியாயமான காலத்துக்குள் தந்தால் போதும். நடவடிக்கை எடுக்கும் அதே வேளையில் தந்தாலும் தவறில்லை. கவுண்டி ஜெயித்தது.

இந்தத் தீர்ப்பை வழக்கறிஞர்கள் ஊழியர் உரிமை வழக்காகத்தான் படிக்கிறார்கள். புகார் கொடுக்கப் போகிற சாதாரண ஆள் அதில் தனக்கானதைப் படிக்க வேண்டும். "அம்மா, நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒருவர் சொன்னால் அது முழு உண்மையில்லை. உங்கள் போன் அழைப்பைக் கேட்டுவிட்டு, போலீஸ்காரர் உடையில் மாட்டியிருக்கும் பாடி கேமராவின் வீடியோவை எடுத்துப் பார்த்துவிட்டு, தவறு தெரிந்தால் துறையே தன் கையெழுத்தில் புகார் எழுதலாம். எழுத மனமில்லாமல் இருப்பது வேறு, எழுத முடியாமல் இருப்பது வேறு.

ஹூஸ்டன் நகருக்கான விதி இதைவிடக் கடினம். 15 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 143.123 பிரிவு பொருந்தும். அங்கே பொதுமக்களில் ஒருவர் தரும் புகாரை வைத்து போலீஸ்காரரையோ தீயணைப்பு வீரரையோ விசாரிக்க வேண்டுமானால், சத்தியம் செய்விக்க அதிகாரம் உள்ளவர் முன்னிலையில் புகார்தாரர் அதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். விசாரணையில் உட்கார வைப்பதற்கு 48 மணி நேரம் முன்பாகவே ஊழியருக்குப் புகாரின் நகல் தர வேண்டும். தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்தால் டெக்சஸ் குற்றவியல் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். படிவத்தில் இந்த எச்சரிக்கையைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வந்தவருக்கே கை நடுங்கும். நேரத்தைப் பத்து நிமிடம் தப்பாகச் சொன்னால், சட்டையின் நிறத்தை மறந்துவிட்டால் அது பொய்ச் சத்தியம் ஆகாது; ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் குற்றம். இதைப் படிவத்திலேயே இரண்டு வரி சேர்த்து எழுதினால் எத்தனையோ பேருக்குத் தைரியம் வரும்.

இவ்வளவு கடுமையான அதே பிரிவுக்குள் ஒரு சின்ன வாசலும் இருக்கிறது. பெயர் சொல்லாத ஒருவரின் புகாரை வைத்தும் விசாரிக்கலாம். ஆனால் அதைப் பெற்றுக்கொண்ட துறை ஊழியர், இது பெயரில்லாமல்தான் வந்தது என்று சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். மொட்டைக் கடிதம் எழுதியவரின் கையெழுத்து இல்லாத இடத்தில் அதை வாங்கியவரின் கையெழுத்து வந்து உட்காருகிறது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும் என்ற கொள்கை காப்பாற்றப்படுகிறது; பயந்தவரின் வாயும் அடைக்கப்படுவதில்லை.

மற்ற மாநிலங்களிலும் இந்தக் கையெழுத்துச் சண்டை நடந்திருக்கிறது. இல்லினாயில் போலீஸ்காரர் மீது புகார் தருபவர் சத்தியப் பிரமாணப் பத்திரம் இணைத்தே ஆக வேண்டும் என்றிருந்தது. சிகாகோ போலீஸைப் பற்றி 2017 ஜனவரியில் மத்திய நீதித் துறை வெளியிட்ட அறிக்கை, பிரமாணப் பத்திரம் இல்லை என்ற காரணத்தாலேயே ஏராளமான புகார்கள் விசாரிக்கப்படாமல் மூடப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. 2021-இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. மேரிலாந்தில் 1974-இல் வந்த போலீஸ் உரிமைச் சட்டம், அடித்தார்கள் என்ற புகார் சத்தியம் செய்து தரப்பட வேண்டும், அதுவும் 90 நாளுக்குள் என்றது. 2016-இல் அந்த 90 நாள் 366 நாளானது. 2021-இல் சட்டமே ரத்தானது. கலிஃபோர்னியாவில் போலீஸாருக்கு 1970-களிலும் தீயணைப்பு வீரர்களுக்கு 2008 முதலும் விசாரணை உரிமைச் சட்டங்கள் இருக்கின்றன. தவறு நிர்வாகத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை அறிவிக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

கையெழுத்துக்கு முன்னால், புகார் வாங்கும் கவுன்டர் என்று ஒன்று இருக்கிறது. அங்கே என்ன நடக்கும் என்பதற்கு 1991-ஐவிடத் தெளிவான சாட்சி கிடையாது. லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை போலீஸார் அடித்தது மார்ச் 3-ஆம் தேதி அதிகாலை. மறுநாள் அவருடைய அண்ணன் புகார் கொடுக்க ஃபுட்ஹில் போலீஸ் நிலையத்துக்குப் போனார். காத்திருக்கச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து ஒரு சார்ஜன்ட் வந்து அறைக்கு அழைத்துப் போனார். நீ எப்போதாவது போலீஸில் மாட்டியிருக்கிறாயா என்று அண்ணனையே கேட்டார். உன் தம்பி பெரிய சிக்கலில் இருக்கிறான் என்றும் சொன்னார். அண்ணன் வெளியே வந்தபோது புகார்ப் படிவம் எதுவும் நிரப்பப்பட்டிருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் துறையை ஆராயப் பின்னர் அமைக்கப்பட்ட கிறிஸ்டோபர் ஆணையம் இதைத் தன் அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. உலகம் முழுக்கப் பார்த்த அந்த வீடியோ மட்டும் இல்லாமல் போயிருந்தால், அந்த நிலையத்தின் ஏடுகளில் அன்று புகார் கொடுக்க ஒருவர் வந்தார் என்பதற்கே அடையாளம் இருந்திருக்காது. யாரும் அவரிடம் "முடியாது" என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருவரைத் திருப்பி அனுப்ப அந்தச் சொல் தேவைப்படுவதில்லை.

அடுத்தது காலக்கெடு. இங்கேதான் புகார்தாரர்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் டெக்சஸ் நகரங்கள் வாக்கெடுப்பு நடத்தி, உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 143-ஆவது அத்தியாயத்தில் உள்ள சிவில் சர்வீஸ் முறையை, அதாவது போலீஸார், தீயணைப்பு வீரர்களின் பணிக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்குமான விதிகளை, ஏற்கலாம். ஏற்ற நகரங்களில், சஸ்பெண்ட் செய்யும் நாளுக்கு 180 நாட்களுக்கு முன் நடந்த செயலைத் துறைத் தலைவர் பொதுவாகக் குற்றச்சாட்டாக வைக்க முடியாது. குற்றவியல் தன்மை கொண்ட செயலென்றால் அது துறைக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. ஆறு மாதம் கழித்து மனதைத் தேற்றிக்கொண்டு புகார் எழுதுபவருக்கு, எழுதியதெல்லாம் உண்மையாக இருந்தும், கிடைப்பது ஒரு வருத்தக் கடிதமாக இருக்கலாம். விசாரணைக்கும் அந்த 180 நாளுக்குள்தான் இடம் வேண்டும் என்பதால், ஐந்தாம் மாதத்தில் போவதும் தாமதம்தான். தண்டனையைப் பொறுத்தவரை 15 நாள் வரை சஸ்பெண்ட் செய்யலாம்; ஊழியரே சம்மதித்தால் ஒழிய, அதற்கு மேல் என்றால் காலவரையற்ற சஸ்பெண்ட், அதாவது பணிநீக்கம். ஊழியர் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், வெளியிலிருந்து வரும் நடுவரிடம் போகவும் உரிமை உண்டு. முறைப்படி நகல் தரவில்லை, தேதி தவறிவிட்டது என்று நடுவர் கண்டால், தவறே செய்திருந்தாலும் அவர் சம்பளப் பாக்கியோடு திரும்பி வரலாம். அதனால்தான் விதிப்படி புகார் எழுதுவதில் அக்கறை காட்டச் சொல்கிறேன். அரைகுறைப் புகாரால் லாபமடைவது யார் மீது சொன்னோமோ அவர்தான்.

ஒழுங்கு விசாரணையையும் குற்றவியல் விசாரணையையும் போட்டுக் குழப்பிக்கொள்வதும் சகஜம். நியூ ஜெர்சியில் டிராஃபிக் டிக்கெட்டுகளைச் சரிக்கட்டிய விவகாரத்தில் போலீஸாரிடம் "பதில் சொல்லாவிட்டால் வேலை போகும்" என்று சொல்லி வாக்குமூலம் வாங்கினார்கள். அப்படி மிரட்டி வாங்கியதைக் குற்ற வழக்கில் அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்பளித்தது. கேரிட்டி தீர்ப்பு என்று எல்லாத் துறைகளிலும் பேசப்படுவது இதுதான். அன்றிலிருந்து உள்விசாரணை ஒரு தண்டவாளத்தில், குற்ற வழக்கு வேறு தண்டவாளத்தில். உள்விசாரணையில் புகார் கொடுத்ததால் குற்ற வழக்கு தானாகத் தொடங்கிவிடாது. சிவில் வழக்குக்கான கடிகாரமும் நிற்காது. டெக்சஸில் உரிமை மீறலுக்கான மத்திய சிவில் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் கெடு.

தீயணைப்பு வீரர்கள் மீதான புகார்களின் முகம் கொஞ்சம் வேறு. பல நகரங்களில் ஆம்புலன்ஸ் சேவையும் தீயணைப்புத் துறையிடமே இருப்பதால், ஒரு தாய் மயங்கிக் கிடக்கும்போது வந்த பாராமெடிக் அலட்சியமாகப் பேசினார், மருத்துவமனைக்குக் கொண்டுபோக மறுத்தார் என்ற வகைப் புகார்கள் வரும். அப்போது புகார் போக வேண்டிய கதவுகள் இரண்டு. ஒழுக்கம், நடத்தை எல்லாம் துறைத் தலைவருக்கு. சிகிச்சைத் தரமும் உரிமமும் மாநில சுகாதாரத் துறைக்கு. துறைத் தலைவருக்கு மட்டும் எழுதிவிட்டு உரிமத்தைப் பற்றிய பதிலுக்குக் காத்திருப்பது வீண்.

எழுதும் விதத்துக்கு வருவோம். "உங்கள் அதிகாரி என்னிடம் மிகவும் மோசமாக நடந்துகொண்டார், இது இனவெறி" என்று தொடங்கும் புகார் மனதின் வலியைச் சொல்கிறது, நடந்ததைச் சொல்லவில்லை. "வியாழக்கிழமை இரவு சுமார் 9:40 மணிக்கு, நான் பின்னால் வந்த விளக்கைப் பார்த்ததும் காரை ஓரமாக நிறுத்தினேன். உரிமத்தை நீட்டினேன். அதிகாரி என் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கதவின் மேல் அழுத்தினார். காரணம் கேட்டேன்; பதில் இல்லை. மனைவி முன் இருக்கையில் இருந்தார்" என்று எழுதினால் விசாரிப்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்: அந்த நேரத்து பாடி கேமரா பதிவு, மனைவியின் வாக்குமூலம், மணிக்கட்டின் புகைப்படம். பெயர் தெரியாவிட்டால் பேட்ஜ் எண், அதுவும் தெரியாவிட்டால் வண்டி எண், இடம், நேரம். பார்த்ததும் கேட்டதும் ஒரு பக்கம். நீங்கள் ஊகிப்பது தனியாக, ஊகம் என்று சொல்லியே. வீடியோ பதிவுகளை எல்லாத் துறைகளும் காலாகாலத்துக்கும் வைத்திருப்பதில்லை. ஆகையால் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள் என்று முதல் நாளே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். கொடுத்த புகாரின் பிரதியில் வாங்கியவரின் பெயரும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்கிறேன். அதே சம்பவத்தில் உங்கள் மீது வழக்கு இருந்தால், கைதை எதிர்த்தார் என்பது போன்ற சின்ன வழக்காக இருந்தாலும், வக்கீலைப் பார்க்காமல் புகாரில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் எழுதித் தரும் ஒவ்வொரு வரியும் அரசுத் தரப்பின் கைக்குப் போகக்கூடியது.

விசாரணை முடிந்து வரும் கடிதத்தில் பெரும்பாலும் நான்கில் ஒரு முடிவு இருக்கும். ஒன்று, புகார் நிரூபணமானது; இரண்டு, நிரூபிக்கவோ மறுக்கவோ போதிய சாட்சியம் இல்லை; மூன்று, சம்பவம் நடந்தது, ஆனால் அது விதிப்படி சரி; நான்கு, அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இரண்டாவது முடிவைப் பார்த்துவிட்டு "என்னைப் பொய்யர் என்கிறார்கள்" என்று உடைந்துபோகிறவர்கள் உண்டு. அந்த முடிவுக்கு அந்த அர்த்தம் கிடையாது. சாட்சி இல்லாத தெருவில் இருவர் மட்டும் இருந்தால் உண்மையான புகாரும் அங்கேதான் போய் நிற்கும்.

நிரூபணமாகாத புகார்கள் அதன் பிறகு எங்கே போகின்றன? சிவில் சர்வீஸ் நகரங்களில் 143.089 பிரிவின் (ஜி) உட்பிரிவு, துறை தன் உபயோகத்துக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அதில் இருப்பதை வெளியாருக்குத் தரக் கூடாது. ஒரே ஆள் மீது பத்துப் பேர் பத்து வருடத்தில் ஒரே மாதிரி எழுதியிருந்தாலும், பதினொன்றாவதாக எழுதுபவருக்கு அது தெரிய வழியில்லை. ஆஸ்டின் மக்கள் 2023 மே மாதம் வாக்கெடுப்பில் பெரும்பான்மையோடு ஒரு போலீஸ் கண்காணிப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். பெயர் சொல்லாத புகாருக்கு அது இடம் தந்தது. ரகசியக் கோப்புக்கு முடிவு கட்டச் சொன்னது. நகர நிர்வாகம் அதற்குப் பிறகும் கோப்பை வைத்திருந்ததால் வழக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் மாவட்ட நீதிபதி, அந்தக் கோப்பைத் தொடர்வது நகரத்தின் புதிய சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்.